சாஃப்ட்பால் ஆண்கள் கிளப்பில் பிறந்த விளையாட்டு... தெரியுமா?

வசந்த காலத்தில் அமெரிக்கப் பள்ளி மைதானம் ஒன்றின் வேலியோரம் போய் நின்று பாருங்கள். ஒரு பக்கம் பையன்கள் பேஸ்பால் ஆடுவார்கள். பக்கத்து மைதானத்தில் பெண் பிள்ளைகள் சாஃப்ட்பால் ஆடுவார்கள். ஏன் இப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்டால், "காலங்காலமாக அப்படித்தான்" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில்.

காலங்காலமாகவா? இல்லவே இல்லை! அந்த இரண்டு மைதானங்களுக்கும் நடுவே உள்ள வேலிக்குப் பின்னால் கயிற்றால் கட்டிய ஒரு பாக்ஸிங் கையுறை இருக்கிறது. சடையை வெட்டிக்கொண்டு பையன்களோடு ஆடப் போன ஒரு சிறுமி இருக்கிறாள். ஓர் அமெரிக்க ஜனாதிபதியின் கையெழுத்தும் இருக்கிறது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் இரண்டு ஆட்டத்துக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்துவிடுவோம். பேஸ்பால் பந்து ஏறக்குறைய நம் கிரிக்கெட் பந்தின் பருமன்தான், சுற்றளவு 9 அங்குலம். சாஃப்ட்பால் பந்தின் சுற்றளவு 12 அங்குலம், எடையும் கூட. பேஸ்பாலில் பந்தை எறியும் பிட்சர் 10 அங்குல மண்மேட்டில் நின்று, 60 அடி 6 அங்குலத்துக்கு அப்பால் நிற்கும் பேட்டரை நோக்கித் தோளுக்கு மேலாகக் கையை வீசி எறிவார். சாஃப்ட்பாலில் மேடு கிடையாது. சமதரையில், 43 அடி தூரத்திலிருந்து, கையைக் காற்றாலை போல முழு வட்டம் சுழற்றி இடுப்புக்குக் கீழே பந்தை விட வேண்டும். ஓடிப் பிடிக்க வேண்டிய பேஸ்களுக்கு இடையே அங்கே 90 அடி, இங்கே 60 அடி. அங்கே ஒன்பது இன்னிங்ஸ், இங்கே ஏழு.

கிரிக்கெட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள், விஷயம் சட்டென்று விளங்கிவிடும். பெண்கள் கிரிக்கெட்டில் பந்து கொஞ்சம் எடை குறைவு, பவுண்டரி கொஞ்சம் கிட்டே. ஆனால் பிட்ச் அதே 22 கஜம், ஆட்டமும் அதே ஆட்டம். பெண்களுக்கு வேறு விளையாட்டையே கையில் கொடுத்து, "இது உங்களுடையது, அது அவர்களுடையது" என்று யாரும் சொல்லவில்லை. அமெரிக்காவில் சொன்னார்கள்!

சரி, அந்த "பெண்கள் விளையாட்டை" கண்டுபிடித்தது யார் தெரியுமா? மீசை முறுக்கிய ஆண்கள்!

1887, நன்றி நவிலும் நாள். சிகாகோவில் ஃபராகட் படகு கிளப். யேல், ஹார்வர்டு பல்கலைக்கழகங்களின் அமெரிக்கக் கால்பந்துப் போட்டி முடிவு தந்தியில் வருவதற்காக இரு கல்லூரிகளின் பழைய மாணவர்கள் அங்கே காத்துக்கிடக்கிறார்கள். யேல் ஜெயித்தது என்று செய்தி வந்ததும், மகிழ்ச்சி தாங்காத யேல் ஆள் ஒருவர் கையில் கிடைத்த பழைய பாக்ஸிங் கையுறையை ஹார்வர்டு ஆள்மேல் எறிகிறார். அவர் ஒரு கம்பை எடுத்து அதைத் திருப்பி அடிக்கிறார். பார்த்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ஹான்காக் என்ற பத்திரிகை நிருபருக்கு மின்னல் வெட்டியது போல ஒரு யோசனை! கையுறையை அதன் கயிற்றாலேயே இறுக்கிக் கட்டிப் பந்தாக்கினார். தரையில் சாக்கட்டியால் கோடு போட்டார். அன்றைக்கே, கூரைக்கு அடியிலேயே ஓர் ஆட்டம் ஆடி முடித்துவிட்டார்கள். குளிர்காலத்தில் பேஸ்பால் ஆட முடியாமல் தவித்த ஆண்களுக்கு ஓர் உள்ளரங்கப் பொழுதுபோக்கு. சாஃப்ட்பாலின் பிறப்பு இதுதான்.

எட்டு வருடம் கழித்து மினியாபொலிஸ் நகரத்தில் லூயிஸ் ரோபர் என்ற தீயணைப்பு வீரர், மணியடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்கும் தன் ஆட்களின் உடம்பு இறுகிப்போகாமல் இருக்க, தீயணைப்பு நிலையத்துக்குப் பக்கத்துக் காலி மனையில் இதே மாதிரி ஓர் ஆட்டத்தைத் தொடங்கினார். அதற்கு "பூனைக்குட்டிப் பந்து" என்றே பெயர் வந்தது! "வைரப் பந்து", "பூசணிப் பந்து", "கூழ்ப் பந்து" என்று ஊருக்கொரு பெயர். 1926 இல் டென்வர் நகரத்தைச் சேர்ந்த வால்டர் ஹகான்சன்தான் "சாஃப்ட்பால்" என்ற பெயரை முன்மொழிந்தார். அதுவரை நாற்பது வருடம் அந்தப் பெயரே இல்லாமல் ஆண்கள் ஆடித் தீர்த்திருக்கிறார்கள்.

இப்போது இதைவிடப் பெரிய ஆச்சரியம். சாஃப்ட்பால் பிறப்பதற்கு 21 வருடம் முன்பே அமெரிக்கப் பெண்கள் பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்தார்கள், தெரியுமா?

1866! நியூயார்க் மாநிலத்தில் வாசர் மகளிர் கல்லூரி திறந்து ஒரு வருடம்கூட நிறையவில்லை. மாணவிகள் "லாரல்", "அபெனாகிஸ்" என்று இரண்டு பேஸ்பால் கிளப் தொடங்கிவிட்டார்கள். உள்நாட்டுப் போர் முடிந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பெண்களுக்கு வாக்குரிமை கிடைக்க இன்னும் 54 வருடம் பாக்கி. தரையைத் தொடும் கனத்த பாவாடை கட்டிக்கொண்டு அந்தப் பெண்கள் மட்டை பிடித்தார்கள், பேஸ் விட்டு பேஸ் ஓடினார்கள். நினைத்துப் பார்க்கவே நெஞ்சு நிறைகிறது எனக்கு.

அதற்குப் பிறகு வந்தவர்களைக் கேளுங்கள். 1890களிலிருந்து "புளூமர் கேர்ள்ஸ்" என்று பெண்கள் அணிகள் ரயிலேறி ஊர் ஊராகப் போய், உள்ளூர் ஆண்கள் அணிகளுக்கே சவால்விட்டு ஆடின. பாவாடைக்குப் பதில் புளூமர் என்ற தொளதொளப்பான கால்சட்டை போட்டதால் அந்தப் பெயர். சில அணிகளில் ஓரிரு பையன்களும் பொய்முடி வைத்துக்கொண்டு ஆடினார்கள். பிற்காலத்தில் பெரிய பேஸ்பால் நட்சத்திரமான ஸ்மோக்கி ஜோ வுட் அப்படி ஓர் அணியில்தான் 1906 இல் தொடங்கினார்! பெண் அணியில் ஆடித் தேறி ஆண்கள் லீக்குக்குப் போனவர்!

ஒஹையோவில் ஆல்டா வைஸ் என்ற பெண் 1907 இல் வெர்மிலியன் ஊரின் ஆண்கள் அணிக்குப் பந்து எறிந்தார். அவர் ஆடுகிறார் என்றால் கூட்டம் அள்ளும். அதில் கிடைத்த வருமானத்தில் மருத்துவம் படித்தார். 1914 இல் பட்டம் வாங்கியபோது அந்த வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். பேஸ்பால் பந்து ஒரு பெண்ணை டாக்டராக்கியிருக்கிறது!

அப்புறம் ஜாக்கி மிட்செல். 1931 ஏப்ரல் 2, டென்னசி மாநிலம் சட்டனூகா. நியூயார்க் யாங்கீஸ் அணி ஒரு காட்சிப் போட்டிக்கு வந்திருக்கிறது. உள்ளூர் அணிக்குப் பந்து எறிய 17 வயது இடதுகைப் பெண் வருகிறார். எதிரே பேப் ரூத்! பேஸ்பாலில் அவரைவிடப் பெரிய பெயர் அன்று கிடையாது. ரூத் அவுட். அடுத்து வந்த லூ கெரிக்கும் அவுட். அது விளம்பரத்துக்காக முன்கூட்டியே பேசிவைத்த ஆட்டம் என்று இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். தான் நிஜமாகவே அவர்களை வீழ்த்தியதாகத்தான் ஜாக்கி மிட்செல் 1987 இல் கண்மூடும்வரை சொன்னார். நான் அவர் பக்கம்தான்.

இவ்வளவு நன்றாக ஆடியவர்களின் பேரப் பிள்ளைகள் எப்படி பக்கத்து மைதானத்துக்குப் போனார்கள்? இங்கேதான் கதை கனக்கிறது.

பேஸ்பாலை அமெரிக்காவின் தேசிய விளையாட்டு என்று நிலைநிறுத்த உழைத்தவர்களில் முதன்மையானவர் ஆல்பர்ட் ஸ்பால்டிங். பந்தும் மட்டையும் செய்து விற்ற பெரிய தொழிலதிபர். 1911 இல் அவர் எழுதிய புத்தகத்தில், டென்னிஸோ கோல்ஃபோ பெண்கள் ஆடட்டும், பேஸ்பால் அவர்கள் உடம்புக்குத் தாங்காது, பார்வையாளராக வந்து கைதட்டினால் போதும் என்ற பொருளில் எழுதிவைத்தார். வாசர் மாணவிகள் ஆடி 45 வருடம் ஆன பிறகு இதை எழுதினார் என்பதைக் கவனியுங்கள்.

1920களில் பெண்கள் பள்ளி, கல்லூரிகளில் உடற்கல்வி ஆசிரியைகள் இன்னொரு பக்கம் யோசித்தார்கள். கடும் போட்டி பெண்ணின் உடல்நலத்துக்கும் குணத்துக்கும் ஆகாது என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. மைதானத்தைச் சுருக்கி, பந்தைப் பெரிதாக்கிய ஆட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதையே பெண்களுக்குப் பொருத்தமானது என்று எடுத்துக்கொண்டார்கள். 1895 இலேயே சிகாகோவின் வெஸ்ட் டிவிஷன் உயர்நிலைப் பள்ளியில் பெண்கள் அணி ஒன்று உருவாகியிருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சியாளர் கிடைக்கவே நான்கு வருடம் ஆனது என்பது தனிச் சோகம்.

அப்படியும் சாஃப்ட்பால் பெண்களுடைய தனிச் சொத்தாகிவிடவில்லை. 1933 சிகாகோ உலகக் கண்காட்சியில் நடந்த பெரிய போட்டியில் ஆண்களுக்கும் பரிசு, பெண்களுக்கும் பரிசு. பொருளாதார மந்த காலத்தில் வேலையில்லாத தொழிலாளர்கள் செலவில்லாமல் ஆடிய ஆட்டம் இது. சிகாகோவில் 16 அங்குலப் பந்தைக் கையுறையே இல்லாமல் வெறுங்கையால் பிடித்து ஆடினார்கள், இன்றும் ஆடுகிறார்கள். விரல் வளையாத ஆள் கிடையாது.

இரண்டாம் உலகப் போர் வந்தது. ஆண்கள் போருக்குப் போனார்கள். சூயிங் கம் விற்றுக் கோடீஸ்வரரான ஃபிலிப் ரிக்லி, சிகாகோ கப்ஸ் அணியின் உரிமையாளர், 1943 இல் பெண்களுக்கு ஒரு தொழில்முறை லீக் தொடங்கினார். வீராங்கனைகளை எங்கே தேடினார் தெரியுமா? சாஃப்ட்பால் அணிகளில்! தொடக்கத்தில் ஆடியதும் ஏறக்குறைய சாஃப்ட்பால்தான். 12 அங்குலப் பந்து, இடுப்புக்குக் கீழே எறிவது, 40 அடி தூரம். ஆனால் அந்தப் பெண்கள் தேறத் தேற, படிப்படியாகப் பந்து சிறுத்தது, மைதானம் விரிந்தது! 1948 இல் தோளுக்கு மேலாக எறியத் தொடங்கினார்கள். 1954 இல் கடைசிப் பருவத்தில் முறையான பேஸ்பால் பந்தே வந்துவிட்டது. பன்னிரண்டே வருடத்தில் பெண்கள் சாஃப்ட்பாலிலிருந்து பேஸ்பாலுக்கு நடந்தே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். இதைவிடச் சான்று வேண்டுமா?

அறுநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் அந்த லீக்கில் ஆடினார்கள். ஆனால் அவர்களைக் குட்டைப் பாவாடையில்தான் ஆடவிட்டார்கள். உதட்டுச் சாயமும் நடை உடை பாவனையும் கற்றுத்தர வகுப்பு வேறு! அந்தப் பாவாடையோடு மண்ணில் சறுக்கிச் சறுக்கித் தொடை உரிந்து ரத்தம் கசியும். அந்த நிலையிலும் ரசீன் அணியின் சோஃபி குரிஸ் 1946 ஒரே பருவத்தில் 201 பேஸ்களைத் திருடினார், அதாவது பந்து அடிக்கப்படாமலேயே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்தார். 203 முறை முயன்று, இரண்டே இரண்டு முறை பிடிபட்டார்! போர் முடிந்து, வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்து, கூட்டம் குறைந்து, லீக் மூடப்பட்டது. அதற்குள் 1952 இலேயே, ஹாரிஸ்பர்க் ஆண்கள் அணி எலினர் எங்கிள் என்ற பெண்ணை ஒப்பந்தம் செய்தபோது, இனி பெண்களை ஒப்பந்தம் செய்யவே கூடாது என்று மைனர் லீக்குகள் என்ற இரண்டாம்நிலைத் தொழில்முறை லீக்குகளின் தலைமை தடை போட்டுவிட்டது.

பெரியவர்கள் கதை இப்படி. குழந்தைகள் கதைதான் பள்ளி மைதானத்தைத் தீர்மானித்தது.

அமெரிக்காவில் தெருவுக்குத் தெரு சிறுவர்கள் பேஸ்பால் ஆடுவது "லிட்டில் லீக்" என்ற அமைப்பின் கீழ். 1950 இல் நியூயார்க் மாநிலம் கார்னிங் ஊரில் கேத்ரின் ஜான்ஸ்டன் என்ற சிறுமி சடையை வெட்டி, தொப்பிக்குள் தலையை மறைத்து, "டப்பி" என்று பையன் பெயர் கொடுத்துத் தேர்வுக்குப் போனாள். தேர்வும் ஆனாள்! அணியில் இடம் உறுதியான பிறகு, தான் பெண் என்று பயிற்சியாளரிடம் சொன்னாள். இவ்வளவு நன்றாக ஆடுகிறாயே, இரு என்றார் அவர். அந்தப் பருவம் முழுக்க ஆடினாள். அடுத்த வருடமே லிட்டில் லீக் விதி போட்டது: பெண் குழந்தைகளுக்கு அனுமதி இல்லை.

அந்த விதி இருபது வருடத்துக்கும் மேல் நின்றது. 1972 இல் அதில் மோதியவள் மரியா பெப்பே. ஊர் எது தெரியுமா? நியூஜெர்சியின் ஹோபோக்கன்! எழுதிவைத்த விதிகளின்படி 1846 இல் நடந்த ஆரம்பகாலப் பேஸ்பால் போட்டிக்குப் புகழ்பெற்ற அதே ஊர். மரியா தெருவில் பையன்களோடு ஆடி வளர்ந்த பிட்சர். பயிற்சியாளர் அவள் திறமையைப் பார்த்து அணியில் சேர்த்தார். சீருடை போட்டு மூன்று ஆட்டம் ஆடினாள். உடனே லிட்டில் லீக் தலைமையிடமிருந்து எச்சரிக்கை வந்தது. அவள் ஆடினால் ஊர் லீக்கின் அங்கீகாரமே ரத்து! ஒரு பிள்ளைக்காக ஊர்ப் பையன்கள் எல்லாரும் ஆட முடியாமல் போவதா? மரியா சீருடையைத் திருப்பிக் கொடுத்தாள்.

பெண்கள் அமைப்பு ஒன்று அவளுக்காக வழக்குத் தொடுத்தது. பெண் பிள்ளைகளின் எலும்பு பலவீனமானது, அடிபட்டால் ஆபத்து என்று லிட்டில் லீக் தரப்பில் வாதாடினார்கள். நியூஜெர்சி குடிமை உரிமைகள் பிரிவில் விசாரணை அதிகாரியாக இருந்த சில்வியா பிரஸ்லர் அதை ஏற்கவில்லை. 1973 நவம்பரில் பெண் பிள்ளைகளுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார். பெண்களைச் சேர்ப்பதைவிட லீக்கையே நிறுத்திவைப்போம் என்று சில ஊர்களில் கதவை மூடினார்கள் என்றால் எதிர்ப்பு எவ்வளவு இருந்திருக்கும்! கடைசியில் 1974 டிசம்பர் 26 அன்று ஜனாதிபதி ஜெரால்டு ஃபோர்டு ஒரு சட்டத் திருத்தத்தில் கையெழுத்திட்டார். லிட்டில் லீக் சாசனத்தில் "பையன்கள்" என்றிருந்த இடத்தில் "இளையோர்" என்று வந்தது. "ஆண்மையை வளர்ப்பது" என்ற நோக்கமும் நீங்கியது.

வென்றாயிற்று அல்லவா? பொறுங்கள். அதே 1974 இல் லிட்டில் லீக் இன்னொரு காரியம் செய்தது. சிறுமிகளுக்கென்று தனி சாஃப்ட்பால் பிரிவைத் தொடங்கியது! ஏறக்குறைய 30,000 சிறுமிகள் சேர்ந்தார்கள். பேஸ்பால் கதவைச் சட்டம் திறந்த அதே வருடம், பக்கத்திலேயே இன்னொரு கதவு அலங்கரித்து வைக்கப்பட்டது. "உனக்கு அங்கே இடம் இருக்கிறதே அம்மா, இங்கே எதற்கு?" என்று அன்பாகக் கேட்பது எளிதாகிவிட்டது. தடையைவிட இந்த அன்பான கேள்விதான் அதிகம் பேரைத் திருப்பி அனுப்பியது என்பேன்.

பள்ளிகளில் நடந்தது அதன் தொடர்ச்சி. 1972 ஜூனில் "டைட்டில் 9" சட்டம் வந்தது. அரசு நிதி பெறும் கல்வி நிலையங்களில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்னும் சட்டம். மூலச் சொற்றொடரில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது, தெரியுமா? 1975 இல் வந்த விதிமுறைகள்தான் மைதானத்துக்குள் நுழைந்தன. திறமை பார்த்துத் தேர்ந்தெடுக்கும் அணிகளை ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக வைக்கலாம் என்றன. ஆண்களுக்கு மட்டும் அணி இருந்தால், உடல் மோதும் விளையாட்டாக இல்லாதபட்சத்தில், பெண்களையும் தேர்வுக்கு அனுமதிக்க வேண்டும் என்றன. பள்ளிகள் என்ன செய்தன? பையன்களுக்கு பேஸ்பால், பெண்களுக்கு சாஃப்ட்பால், கணக்கு சரி என்று முடித்துக்கொண்டன. அமெரிக்கக் கால்பந்துக்கு ஜோடி இல்லை. பேஸ்பாலுக்கு மட்டும் கைக்கடக்கமாக ஒரு ஜோடி கிடைத்துவிட்டது. மைதானம் கிடைத்தது, பயிற்சியாளர் கிடைத்தார், பெண்களுக்கு லட்சக்கணக்கில் வாய்ப்பும் கிடைத்தது. அந்த நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பேஸ்பால் வேண்டும் என்ற பெண்ணுக்கு வேறு ஒன்றைக் கொடுத்து அது இதுதான் என்று சொன்னார்கள்.

இரண்டும் ஒன்றுதானா? இதை ஒரு நீதிமன்றமே உட்கார்ந்து யோசித்திருக்கிறது, தெரியுமா? 1989 இல் மேற்கு வர்ஜீனியா மாநில உச்ச நீதிமன்றம்! சின்ன வயதிலிருந்து பேஸ்பால் ஆடிய ஒரு மாணவியை, பள்ளியில் சாஃப்ட்பால் அணி இருக்கிறதே என்று சொல்லி பேஸ்பால் தேர்வுக்கே விடவில்லை. நீதிபதிகள் பந்தின் அளவு, மைதானத்தின் அளவு, எறியும் முறை எல்லாவற்றையும் எடைபோட்டு, இரண்டும் சமமான விளையாட்டுகள் அல்ல என்று தீர்ப்பளித்தார்கள். அதற்கு ஒரு வருடம் முன்பு வர்ஜீனியாவில் ஜூலி குரோட்டோ என்ற மாணவி தன் பள்ளி அணிக்காகத் தொடுத்த வழக்கில் தோற்றார். தோற்றவர் துவண்டாரா? அடுத்த வருடமே மேரிலாந்தில் ஒரு கல்லூரியின் ஆண்கள் பேஸ்பால் அணியில் இடம்பிடித்தார்!

சட்டம் அனுமதிக்கிறது என்றால் ஏன் இன்னமும் பெண்கள் போவதில்லை? கணக்கைப் பாருங்கள். இன்றைய அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் சாஃப்ட்பால் ஆடும் பெண்கள் மூன்றே கால் லட்சத்துக்கு மேல். பேஸ்பால் ஆடும் பெண்கள் ஆயிரத்துச் சொச்சம். காரணம் கல்லூரி. பல்கலைக்கழகங்களில் பெண்களுக்கு சாஃப்ட்பால் அணி உண்டு, உதவித்தொகை உண்டு, தேசிய சாம்பியன்ஷிப் உண்டு. பெண்கள் பேஸ்பாலுக்கு அப்படி எதுவும் கிடையாது. பதின்மூன்று பதினான்கு வயதில், படிப்புச் செலவை நினைத்துப் பார்க்கும் எந்தப் பெற்றோரும் மகளிடம் என்ன சொல்வார்கள்?

மோனே டேவிஸ் நினைவிருக்கிறதா? 2014 லிட்டில் லீக் உலகத் தொடரில், 13 வயதில், மணிக்கு 70 மைல், அதாவது 112 கிலோமீட்டர் வேகத்தில் பந்து எறிந்து எதிரணியை ஒரு ரன்கூட எடுக்க விடாமல் வென்ற முதல் சிறுமி! ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகையின் அட்டைப்படத்தில் வந்தார். நாடே கொண்டாடியது. அவர் கல்லூரியில் எந்த விளையாட்டை ஆடினார் தெரியுமா? ஹாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் சாஃப்ட்பால். அவ்வளவு பெரிய பிட்சருக்கே பாதை அங்கேதான் திரும்பியது.

இதை எல்லாம் படித்துவிட்டு, அப்படியானால் சாஃப்ட்பால் லேசான விளையாட்டு போலிருக்கிறது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பெயரில்தான் சாஃப்ட். பந்தைக் கையில் எடுத்துப் பாருங்கள், கல்!

43 அடியிலிருந்து மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சாஃப்ட்பால், பேட்டரை அடைய எடுத்துக்கொள்வது சுமார் 0.4 நொடி. ஆண்கள் பேஸ்பாலில் மணிக்கு 150 கிலோமீட்டரில் வரும் பந்துக்கும் ஏறக்குறைய அதே நேரம்தான். தூரம் குறைவு என்பதால் யோசிக்க நேரம் கிடைக்காது. அதிலும் பந்து இடுப்பருகிலிருந்து புறப்பட்டு மேல்நோக்கி வருவதால், மேட்டிலிருந்து கீழே இறங்கும் பந்தை வாழ்நாள் முழுக்கப் பார்த்துப் பழகிய கண் ஏமாந்துபோகிறது. 2012 இல் மோனிகா ஆபட் எறிந்த பந்து மணிக்கு 77 மைல், 124 கிலோமீட்டர் வேகம் என்று கின்னஸில் பதிவானது.

அதனால்தான் இது நடந்தது. 2004 இல் ஜென்னி ஃபின்ச் என்ற சாஃப்ட்பால் பிட்சருக்கு எதிரே பேஸ்பாலின் தலைசிறந்த பேட்டர்களில் ஒருவரான ஆல்பர்ட் பூஹோல்ஸ் நின்றார். மூன்று ஸ்ட்ரைக், அதாவது மூன்று தடவை அடிக்கத் தவறி, அவுட்! 1960களின் தொடக்கத்தில் ஜோன் ஜாய்ஸ் எறிந்த பந்துகளை, மட்டையடியில் ஈடு இணையற்ற டெட் வில்லியம்ஸால் சமாளிக்க முடியவில்லை. ஆண்களிலும் ஒரு மாயக்காரர் உண்டு. எடி ஃபைக்னர் 1967 இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு காட்சி ஆட்டத்தில் வில்லி மேஸ், ராபர்ட்டோ கிளெமென்டே உட்பட ஆறு பேஸ்பால் நட்சத்திரங்களை வரிசையாக ஸ்ட்ரைக் அவுட் செய்தார். அவர் கையில் இருந்ததும் சாஃப்ட்பால்தான்!

யுகிகோ உவேனோவைச் சொல்லாமல் விட்டால் என் மனம் ஆறாது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக். ஜப்பானின் இந்தப் பிட்சர் இரண்டே நாளில் மூன்று ஆட்டங்களில் 413 பந்துகள் எறிந்தார். நானூற்றுப் பதின்மூன்று! முதல் நாள் மட்டும் 21 இன்னிங்ஸ். விரல் தோல் கிழிந்த நிலையில் மறுநாள் அமெரிக்காவை வீழ்த்தித் தங்கம் வாங்கினார். அதோடு ஒலிம்பிக்கிலிருந்து சாஃப்ட்பால் நீக்கப்பட்டது. 13 வருடம் காத்திருந்து, டோக்கியோவில் அது திரும்பி வந்தபோது, 39 வயதில் மறுபடி களமிறங்கி மறுபடி அமெரிக்காவை வீழ்த்தி மறுபடி தங்கம்!

அதே ஜப்பானில் பள்ளிப் பெண்கள் பேஸ்பாலும் ஆடுகிறார்கள், தெரியுமா? பெண்கள் உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் தேசியப் போட்டி 1997 இல் தொடங்கியது. 2021 இல் அதன் இறுதி ஆட்டம் முதல் தடவையாக கோஷியென் மைதானத்தில் நடந்தது. பையன்கள் பள்ளிப் போட்டியின் புனித பூமி என்று ஜப்பானியர் போற்றும் மைதானம் அது. பலன் கண்கூடு. 2004 இல் தொடங்கிய பெண்கள் பேஸ்பால் உலகக் கோப்பையில் முதல் இரண்டு தடவை அமெரிக்கா வென்றது. 2008 முதல் 2024 வரை நடந்த ஏழு கோப்பைகளையும் ஜப்பான் அள்ளிவிட்டது! இந்தியாவில் பள்ளிகளுக்கான தேசியப் போட்டிகளில் சாஃப்ட்பால் பையன்களுக்கும் உண்டு, பெண்களுக்கும் உண்டு. பேஸ்பாலும் அப்படியே. பிரிவினை ஆட்டத்திலேயே இல்லை, ஒரு நாட்டின் பழக்கத்தில் இருக்கிறது.

அமெரிக்கப் பேஸ்பாலின் பெரிய கதவுகளை இப்போது யார் திறக்கிறார்கள் என்று பார்த்தால் மெய்சிலிர்க்கும். 2020 இல் மயாமி மார்லின்ஸ் அணியின் பொது மேலாளராகி, மேஜர் லீக் என்ற அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் லீக்கில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் கிம் எங். அவர் கல்லூரியில் ஆடியது சாஃப்ட்பால். 2022 இல் மேஜர் லீக் ஆட்டத்தில் களத்தில் பயிற்சியாளராக நின்ற முதல் பெண் அலிசா நாக்கன். சாஃப்ட்பால்! 2025 ஆகஸ்டில் மேஜர் லீக் ஆட்டத்துக்கு அம்பயராக நின்ற முதல் பெண் ஜென் பாவோல். அவரும் சாஃப்ட்பால்தான்! பக்கத்து மைதானத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் வேலியைச் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாகவே வந்துவிட்டார்கள்.

ஆடவும் வருகிறார்கள். 2023 மார்ச்சில் பிரௌன் பல்கலைக்கழகத்தின் ஒலிவியா பிச்சார்டோ கல்லூரி பேஸ்பாலின் உச்சப் பிரிவில் மட்டை பிடித்த முதல் பெண்ணானார். பாஸ்டன், நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், சான் பிரான்சிஸ்கோ என்று நான்கு அணிகளோடு பெண்களுக்கான தொழில்முறை பேஸ்பால் லீக் ஒன்று 2025 நவம்பரில் வீராங்கனைகளைத் தேர்ந்தெடுத்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜஸ்டின் சீகலிடம், அவருக்கு 13 வயதாக இருந்தபோது, நீ சாஃப்ட்பால் ஆடப் போ என்று சொல்லியிருந்தார்கள். தேர்வானவர்கள் பட்டியலில் லாஸ் ஏஞ்சலஸ் அணிக்கு ஒரு பெயர் இருந்தது: மோனே டேவிஸ்.

ஹோபோக்கன் சிறுமி என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். தீர்ப்பு வந்து சட்டம் மாறியபோது மரியா பெப்பேவுக்கு 14 வயது. லிட்டில் லீக் வயது வரம்பைத் தாண்டிவிட்டிருந்தாள். 2004 இல் லிட்டில் லீக் உலகத் தொடரைத் தொடங்கிவைக்கும் முதல் பந்தை எறிய அவரை அழைத்து கௌரவித்தார்கள். லிட்டில் லீக்கில் அவர் ஆடியது மொத்தம் மூன்றே ஆட்டங்கள்.